கராஜில் காட்டாத கோளாறு: அட்வெஞ்சர் பைக்கில் நெடுந்தூரம் போகும்போது வரும் பிரச்சினைகள், அறிகுறி வாரியாக

திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு ஏ6 வீதியால் கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். வவுனியா வழியாக யாழ்ப்பாணம் போனால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மோட்டார் சைக்கிள்களை அதிவேகப் பாதையில் விடமாட்டார்கள். மற்ற வீதிகளில் ஊருக்கு வெளியே 70 தான் சட்ட எல்லை. ஆனாலும் ஹொரவப்பொத்தானைப் பக்கம் ஒரே வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் போதும், டவுனுக்குள் வருடக்கணக்காகக் காட்டாத கோளாறைப் பைக் காட்டிவிடும். ஜேர்மனியில் 130இலும் கனடாவின் 401இல் 100இலும் ஆயிரம் சீசீ வண்டி ஓட்டும் நம் ஆட்களுக்கும் இதே கதைதான். அங்கே எண்கள் பெரிது, அதனால் விளைவும் பெரிது.

இந்தக் கோளாறுகளில் பெரிய தலையிடி, வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது என்பதுதான். மெக்கானிக் ஸ்டார்ட் பண்ணுவார், காது கொடுத்துக் கேட்பார், ஒரு சுற்று ஓடிப் பார்ப்பார், "எல்லாம் சரியாத்தானே இருக்கு தம்பி" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. சூடும் பாரமும் காற்றும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் அது வெளியே வரும், அந்த மூன்றும் கராஜுக்குள் இல்லை. ஆகவே பாதி வேலை ஓட்டுபவருடையது. கோளாறு வரும் நேரத்தில் நான்கு விஷயங்களைக் கவனித்து வையுங்கள்: அது பைக்கின் வேகத்தோடு வருகிறதா, எஞ்சினின் ஆர்.பி.எம்.மோடு (நிமிஷத்துக்குச் சுற்றும் எண்ணிக்கையோடு) வருகிறதா, ஓடிய நேரத்தோடு வருகிறதா, ஏற்றிய பாரத்தோடு வருகிறதா? இதற்குப் பதில் கையில் இருந்தால் கழற்றவேண்டிய இடம் தானாகத் தெரிந்துவிடும். இன்னொன்று, ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். காற்றையும் அடித்து, பெட்டியையும் கழற்றி, ஸ்பிரிங்கையும் இறுக்கினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது.

வேகம் ஏறினால் பைக் முழுவதும் இடம் வலமாக நெளிகிறது

முதலில் இரண்டு வேறு ஆட்டங்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஹாண்டில் மட்டும் படபடவென்று, செக்கனுக்கு ஏழெட்டுத் தடவை அடிப்பது ஒன்று. அது அனேகமாக 60, 70இல் வேகம் குறைத்துக்கொண்டு வரும்போது, கை லேசாகப் பிடித்திருக்கையில் வரும். மற்றது, வால் முன்னே போவதுபோல முழு வண்டியும் செக்கனுக்கு இரண்டு மூன்று தடவை மெதுவாக நெளிவது. இது வேகம் கூடக் கூட வளரும். முதலாவதற்குக் காரணத்தை முன் சக்கரத்திலும் ஸ்டியரிங் தலையிலும் தேடுங்கள். இரண்டாவதற்குப் பின்பக்கத்தில் தேடுங்கள். இதை மாற்றிப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருக்கும் கோளாறுக்கு முன்னால் பெயரிங் மாற்றியவர்கள் நிறையப் பேர்.

ஓடும்போது நெளிவு தொடங்கினால் செய்யவேண்டியது: ஹாண்டிலை இறுக்கிப் பிடித்துச் சண்டை போடாதீர்கள். முழங்கையைத் தளர்த்துங்கள், உடம்பை டாங்குப் பக்கம் சாயுங்கள், த்ரொட்டிலை மெதுவாக விடுங்கள். முன் பிரேக்கை அழுத்தினால் இன்னும் மோசமாகும். வேகம் கூட்டி வெளியே வரலாம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். நெளிவு முன்பு இல்லாமல் இன்று திடீரென்று வந்தால், வேறு எதையும் யோசிக்க முன் பின் டயரில் காற்று இறங்குகிறது என்று வைத்துக்கொண்டு ஓரம் கட்டுங்கள்.

நிறுத்தி வைத்துப் பார்க்கும் ஒழுங்கு இது.

பின்னால் உள்ள டொப் பெட்டியைக் கழற்றிவிட்டு அதே வீதியில் அதே வேகத்தில் ஓடுங்கள். பாதிக்கு மேற்பட்ட நெளிவுகள் இங்கேயே முடிந்துவிடும். அந்தப் பெட்டி பின் அச்சுக்கும் பின்னால், உயரத்தில் இருக்கிறது. அங்கே வைக்கும் ஒவ்வொரு கிலோவும் முன் சக்கரத்தைத் தூக்கிவிடுகிறது. பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் சிறிய ஸ்டிக்கரை வாசித்துப் பாருங்கள். டொப் பெட்டிக்கு 5 கிலோ, பக்கப் பெட்டிக்கு 10 கிலோ என்று பல கம்பனிகள் போட்டிருக்கும், அதோடு ஒரு வேக எல்லையும் இருக்கும். டூல்ஸ், தண்ணீர்ப் போத்தல், உதிரி டியூப் எல்லாவற்றையும் பக்கப் பெட்டிகளின் அடியில், முன்பக்கமாக வையுங்கள். மேலே சாரமும் துவாயும் போகட்டும்.

அப்புறம் பின் ஸ்பிரிங். பின் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளிவரை டேப்பால் அளந்து எழுதுங்கள். பிறகு முழுச் சாமானும் ஏற்றி, நீங்களும் ஏறி இருந்து, இன்னொருவரை அதே இடத்தை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சஸ்பென்ஷனின் முழு ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 200 மில்லிமீற்றர் ஓட்டம் உள்ள வண்டி என்றால் 60, 65. அது 90 என்று வந்தால் பின்பக்கம் குந்திக்கொண்டு ஓடுகிறது, முன் சக்கரத்துக்குப் பிடி இல்லை. பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை, ஏற்றுங்கள். பெரிய வண்டிகளில் பக்கத்தில் ஒரு குமிழே இருக்கும், கையால் திருப்பலாம். இந்த ஒரு அளவை எடுக்காமல் ஓடுகிறவர்கள்தான் அதிகம். எடுக்கப் பத்து நிமிஷம் போதும். ஒரு வண்டியைப் பற்றி இதைவிடக் கூடுதலாகச் சொல்லும் அளவு வேறில்லை.

டயரின் காற்றைக் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், புறப்படும் காலையில். வெயிலில் 50 கிலோமீற்றர் ஓடிய பிறகு மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடியிருக்கும், அதைப் பார்த்துக் காற்றை விடக் கூடாது. ஓடிய பிறகு ஆறேழு கூடியிருந்தால் காலையில் காற்றுக் குறைவாக இருந்திருக்கிறது என்று அர்த்தம். பட்டன் மாதிரிக் கட்டைகள் உள்ள மண்பாதை டயர் போட்டிருந்தால் அந்தக் கட்டைகளே வளைந்து ஒரு நெளிவைத் தரும், அது அந்த டயரின் குணம். அத்தகைய டயர்கள் பலவற்றின் பக்கத்தில் Q என்ற எழுத்துக்குரிய குறி இருக்கும், அதாவது 160க்கு மேல் போகக் கூடாது. இலங்கையில் அது யாருக்கும் பிரச்சினை இல்லை, ஜேர்மனியில் பிரச்சினை.

இவ்வளவும் சரி, இன்னும் நெளிகிறது என்றால் வண்டியைத் தூக்குங்கள். பின் சக்கரத்தைப் பிடித்து இடம் வலமாக ஆட்டும்போது 'டொக்' என்று ஒரு தட்டுப்பட்டால் ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) பெயரிங் அல்லது சக்கரத்துப் பெயரிங். முன்பக்கத்தைத் தூக்கி ஹாண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு சிறிய பள்ளத்தில் விழுந்து எழும்புவது போல இருந்தால் ஸ்டியரிங் பெயரிங் அந்த இடத்தில் பதிந்துபோய்விட்டது. இறுக்கிப் பயன் இல்லை, மாற்றத்தான் வேண்டும். கம்பிச் சக்கரம் என்றால் ஒரு ஸ்பானரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே சுற்றுங்கள். நல்ல கம்பி மணிபோல 'ணிங்' என்னும், தளர்ந்தது 'டப்' என்று செத்த சத்தம் தரும். அடுத்தடுத்து இரண்டு மூன்று செத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஹாண்டிலின் ஆட்டத்தை அடக்கும் ஸ்டியரிங் டாம்பர் வாங்கிப் பூட்டுவது கடைசிக் காரியம். மேலே சொன்னது ஒன்று கெட்டிருக்கும்போது அதைப் பூட்டினால் நோய் மறைந்திருக்கும், போகாது.

நெளியவில்லை, ஆனால் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது

இது அனேகமாகக் காற்று. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை எங்கள் திருகோணமலைப் பக்கம் கச்சான் வீசும், தென்மேற்கிலிருந்து, சூடாக, விட்டு விட்டு. கிண்ணியாப் பாலத்தில் ஏறிப் பாருங்கள். ஏறும்வரை வீடும் மரமும் மறைத்திருக்கும், பாலத்தில் தம்பலகாமம் குடாப் பக்கமிருந்து ஒன்றும் மறைக்காமல் வந்து அடிக்கும். இரண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி பூட்டிய வண்டி என்றால் காற்றுக்குப் பிடிக்க ஒரு சுவரே இருக்கிறது.

நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை போகும்போது இந்தக் காற்று இடப்பக்கத்தால் வரும். எங்கள் வீதியில் அது உங்களை நடுக்கோட்டுக்கு, எதிரே வரும் பஸ்ஸின் பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது வலப்பக்கத்தால் வந்து ஓரத்து மணலுக்குத் தள்ளும். ஆகவே போகும்போது பாதையின் இடப்பாதியில் ஓடுங்கள், வரும்போது ஓரத்தை விட்டு விலகி ஓடுங்கள். காற்று வரும் பக்கத்துக் கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளினால் வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து நேராகப் போகும். லொறி ஒன்றைக் கடக்கையில் லொறி காற்றை மறைக்கும், அதன் மூக்கைத் தாண்டிய கணத்தில் முழுக் காற்றும் ஒன்றாக அடிக்கும். அந்த அடிக்குத் தயாராக இருங்கள், கடந்த உடனே கை தளர்ந்துவிடக் கூடாது.

காற்று இல்லாத நாளிலும் ஒரே பக்கம் இழுத்தால் சக்கரம் நேராக இல்லை. ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை நம்பாமல், ஸ்விங் ஆர்ம் பூட்டின நடு போல்ட்டிலிருந்து பின் அச்சுவரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அரை மணி நேரத்தில் இழுவை விழுகிறது, நின்றுவிடுகிறது

இந்த அறிகுறிதான் அதிகம் பேரைக் காட்டுக்குள் நிறுத்துகிறது. வண்டி எப்படி நின்றது என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள்: மூச்சு வாங்கி, இருமி, மெதுவாகவா? அல்லது சாவியைத் திருப்பியது போல ஒரே வெட்டாகவா?

மெதுவாக நின்றால் பெற்றோல் போதவில்லை. முதலாவது வேலை, டாங்க் மூடியைத் திறப்பது. 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால் கோளாறு கையில் அகப்பட்டுவிட்டது. பெற்றோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அந்த வழி அடைபட்டால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெற்றோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டவுனுக்குள் செலவு குறைவு, சிறு ஓட்டை வழியே வரும் காற்றே போதும். ஒரே வேகத்தில் நெடுக ஓடும்போது போதாது. ஐந்து நிமிஷம் நின்றால் மெதுவாகக் காற்று ஏறிவிடும், வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகும், அதே தூரம் ஓடி மறுபடி நிற்கும். மூடிக்கு மேலே டாங்க் பை அழுத்திக்கொண்டு இருக்கிறதா, டாங்கைக் கழற்றிப் பூட்டியபோது காற்றுக் குழாய் மடிந்துவிட்டதா, குழாயின் முனையில் குளவி மண் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியை லேசாகத் தளர்த்திவிட்டு ஓடினால் ஊர் வந்து சேரலாம், ஆனால் டாங்க் நிரம்பியிருக்கும்போது அப்படிச் செய்ய வேண்டாம், பெற்றோல் சூடான எஞ்சினில் சிந்தும்.

சத்தம் இல்லை என்றால் பில்டர். காபரேட்டர் வண்டியில் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டுப் பாருங்கள். முதலில் பாய்ந்து வந்து, பிறகு நூலாகச் சிறுத்தால் டாப்பின் வடி அடைத்திருக்கிறது. எஞ்சின் உறிஞ்சும்போது மட்டும் திறக்கும் வெற்றிட டாப் உள்ளவற்றில், எப்போதும் பெற்றோல் விடும் பிறைம் நிலைக்குத் திருப்பி ஓடிப் பாருங்கள். அதில் நன்றாக ஓடினால் டாப்பின் உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு போய்விட்டது. 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் எத்தனையோ வண்டிகள் அரை டாங்கோடு மாதக்கணக்கில் நின்றன. கடற்கரை ஊரில் டாங்கின் காலிப் பகுதி உள்ளே துருப்பிடிக்க அது தாராளமாகப் போதும். டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள், அடியில் சிவப்புப் பொடி தெரிந்தால் பில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் டாங்குக்குள் பெற்றோலில் மூழ்கி நின்றுதான் குளிர்கிறது. வெயில் காலத்தில் டாங்கை அடிவரை ஓட்டிப் பழகினால் பம்ப் சூடாகித் தேயும்.

ஒரே வெட்டாக நின்றால் மின்சாரம். நின்ற கணத்தில், சக்கரம் இன்னும் உருண்டுகொண்டு கிளச் பிடிக்காமல் இருக்கும்போது, ஆர்.பி.எம். முள் சுழியத்துக்கு விழுந்துவிட்டதா? அப்படியானால் எஞ்சின் சுற்றுவதை உணரும் கிராங்க் சென்சர் அல்லது அதற்குப் போகும் வயர் சூட்டில் விடுகிறது. இருபது நிமிஷம் ஆறினால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். சென்சருக்கு முன் சைட் ஸ்டாண்ட் சுவிட்சைப் பாருங்கள். ஸ்டாண்ட் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பள்ளத்தில் விழும்போது ஸ்டாண்ட் ஒரு நூல் இறங்கி எஞ்சினை வெட்டிவிடும். மணலும் உப்பும் அந்தச் சுவிட்சின் எதிரிகள்.

குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வரி: ஈரமான, பத்துப் பாகைக்குக் கீழான காலையில் காபரேட்டர் வண்டி இதே மாதிரி மூச்சு வாங்கி, நிறுத்தி வைத்தால் தானாகக் குணமானால், காபரேட்டருக்குள் பனி கட்டுகிறது. இங்கே அதைத் தேட வேண்டாம்.

உள்ளங்கை மரத்துப்போகிறது, கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை

நேரான, வெறிச்சோடிய வீதியில் அதிர்வு வரும் வேகத்தில் கிளச்சைப் பிடித்து த்ரொட்டிலை விடுங்கள். வேகம் அப்படியே இருக்க எஞ்சின் மட்டும் இறங்கும். அதிர்வு போய்விட்டால் எஞ்சின் பக்கம், நின்றுகொண்டிருந்தால் சக்கரத்தின் பக்கம். இதற்குச் செலவே இல்லை.

எஞ்சின் பக்கம் என்றால் எஞ்சின் பூட்டிய போல்ட்டுகளை இறுக்கத்துக்குச் சரிபாருங்கள். அதற்கு அப்பால், ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல வேகம் உண்டு. ரோயல் என்பீல்டின் 411 சீசீ ஹிமாலயன் 24 குதிரைவலு உள்ள நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின். 80, 90இல் பொழுதெல்லாம் ஓடும், 110இல் வைத்துப் பிழிந்தால் அதுவும் நோகும், கையும் நோகும். அதன் பின்வந்த 450 தண்ணீர்க் குளிர்ச்சியோடு 40 குதிரைவலு தருகிறது, அதற்கு அந்த வேகம் பெரிய வேலை இல்லை. ஹாண்டில் முனையில் பாரக் கட்டி போடுவது உதவும். ஆனால் செயின் ஓடும் பல்லுச் சக்கரத்தை மாற்றி ஆர்.பி.எம்.மை இறக்குவதற்கு முன் யோசியுங்கள்: பெட்டியும் பின்னால் ஆளுமாக ஏ6இல் குருநாகல் தாண்டி ஏறும்போது டொப் கியர் இழுக்காமல் அடிக்கடி குறைக்க வேண்டி வரும்.

சக்கரத்தின் பக்கம் என்றால் டயரின் நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருக்கிறதா, முன் டயரின் கட்டைகள் படிபடியாகத் தேய்ந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வழுவழுப்பு, மறுபக்கம் தடவினால் கிழிக்கும். நேர்வீதி நிறைய ஓடினால் இரண்டும் நடக்கும்.

செயின் கரகரக்கிறது, இழுக்கும்போது உதறுகிறது

கடற்கரை வீதியில் ஓடுபவர்கள் புத்தகத்தில் உள்ள கணக்கைப் பாதியாக்க வேண்டும். 1000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை என்று போட்டிருந்தால் 500இல் துடைத்து எண்ணெய் விடுங்கள், மழையில் ஓடினால் அன்றைக்கே. ஓ-ரிங் செயினை மண்ணெண்ணெயால் துடைக்கலாம், பெற்றோல் ரப்பரைத் தின்றுவிடும். எண்ணெயை இரவில், செயின் சூடாக இருக்கும்போதே விடுங்கள், காலைக்குள் உள்ளே இறங்கியிருக்கும். காலையில் விட்டுப் புறப்பட்டால் அது பின் டயரில்தான் இருக்கும்.

தளர்வை ஒரு இடத்தில் அளந்தால் போதாது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எங்கே மிகவும் இறுக்கமோ அங்கே அளவை வையுங்கள். நீண்ட சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் பின்பக்கம் இறங்கும்போது செயின் இன்னும் இறுகும், ஆகவே சாமான் ஏற்றிய பிறகும் ஒரு தடவை பாருங்கள். கம்பி போல இறுகிய செயின் கியர்ப் பெட்டியின் வெளிப் பெயரிங்கைக் கொன்றுவிடும், தளர்ந்த செயினைவிட அது செலவு. பின் பல்லுச் சக்கரத்தில் செயினைப் பின்னால் இழுத்துப் பார்க்கையில் அரைப் பல்லு வெளியே தெரிந்தால் செயினும் இரண்டு பல்லுச் சக்கரமும் ஒன்றாக மாற வேண்டும்.

சூடு ஏறுகிறது

டவுனுக்குள் சூடு ஏறி, வெளியே ஓடும்போது இறங்கினால் கோளாறு விசிறியில். ஓடும்போது ஏறி டவுனில் இறங்கினால் ரேடியேட்டர் அடைபட்டிருக்கிறது, அல்லது தண்ணீர் குறைவு, அல்லது தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கவில்லை. கந்தளாய், தம்பலகாமம் பக்கம் அறுவடைக் காலத்தில் ஓடினால் வைக்கோல் தூசியும் பதரும் ரேடியேட்டருக்கு முன்னுள்ள வலையில் கம்பளம்போலப் படியும். வலையைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். பிரஷர் மெஷின் வேண்டாம், மெல்லிய தகடுகள் மடிந்துவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கச்சான் பின்னால் இருந்து வீசும் நாளில் கொஞ்சம் ஏறுவது இயற்கை. நீங்கள் 70இல் போகிறீர்கள், ரேடியேட்டர் காண்பது 40க்குரிய காற்று.

ஒயில் குறைகிறது, கசிவு எங்கும் இல்லை

நெடுக ஒரே ஆர்.பி.எம்.மில் ஓடினால் கொஞ்சம் எரிவது வழக்கம், காற்றுக் குளிர்ச்சி ஒற்றைச் சிலிண்டரில் கூடுதலாக. இரண்டு தடவை பெற்றோல் அடித்தால் ஒரு தடவை ஒயில் பாருங்கள். வண்டியை நிமிர்த்தி, நிறுத்திச் சில நிமிஷம் விட்டுப் பார்க்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் த்ரொட்டிலை விட்டு வந்து மறுபடி திருகும்போது நீலப் புகை வந்தால் வால்வுப் பக்கம், இழுக்கும் நேரமெல்லாம் வந்தால் ரிங்ஸ். பயத்தில் மேல் கோட்டுக்கு மேலே ஊற்றினால் மிஞ்சியது மூச்சுக் குழாய் வழியாக ஏர் பில்டருக்குள் போகும், பிறகு இழுவை இல்லை என்று வேறொரு கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பெற்றோல் தண்ணீராய்ப் போகிறது

கோளாறு தேடுமுன் வேகத்தைப் பாருங்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், அதை வெல்லத் தேவையான வலு கனத்தோடு கூடும். 90இலிருந்து 120க்குப் போனால் காற்றைக் கிழிக்கவே கிட்டத்தட்ட 2.4 மடங்கு வலு. அகலப் பெட்டிகளும் முன்னால் காற்றை மறைக்கும் உயரக் கண்ணாடியும் அதன் மேல். அதே வேகம், அதே சாமான், செலவு மட்டும் கூடியிருந்தால் டயர்க் காற்று, ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேக், ஏர் பில்டர் என்ற ஒழுங்கில் பாருங்கள்.

காலையில் பற்றரி செத்திருக்கிறது, முந்திய நாள் முழுவதும் ஓடியும்

ஓடினால் சார்ஜ் ஏறும் என்று நினைக்கிறோம், ஆனால் நெடுந்தூரம்தான் பற்றரிக்குப் போகும் மின்சாரத்தை அளவாக்கும் ரெகுலேட்டரைக் கொல்கிறது. பெரும்பாலான வண்டிகளில் உள்ள சாதாரண வகை, தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தைத் தானே குறுக்கே பாய்ச்சிச் சூடாக வெளியே தள்ளும். ஆர்.பி.எம். உயர்ந்தபடி மணிக்கணக்காக ஓடினால் அது சுட்டுக்கொண்டே இருக்கும். லைட்டை அணைத்தால் அதற்கு ஓய்வு என்று எண்ண வேண்டாம், தள்ள வேண்டிய மிச்சம் கூடுகிறது.

மீற்றரைப் பற்றரியில் வையுங்கள். ஓய்வில் 12.6க்குக் கிட்ட, 4000, 5000 ஆர்.பி.எம்.மில் 13.8இலிருந்து 14.5வரை இருக்க வேண்டும். இதைக் குளிர்ந்த எஞ்சினில் பார்த்துவிட்டுச் சரி என்று மூடிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, இறங்கிய சூட்டோடு மறுபடி பாருங்கள், அப்போதுதான் 13க்குக் கீழே விழும். ரெகுலேட்டரின் பிளக்கைக் கழற்றி முகத்துக்குக் கிட்டப் பிடியுங்கள்: வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு துளையைச் சுற்றி மட்டும் தேயிலைச் சாயம் போலப் பழுப்பாகி, உள்ளே இருக்கும் உலோக முள் ஒன்று மங்கியிருந்தால் அந்த மூட்டுத்தான் குற்றவாளி, ரெகுலேட்டர் பாவம். புதியது போடுவதென்றால் சூடு குறைந்த சீரிஸ் வகையைப் போடுங்கள், காற்றுப் படும் இடத்தில் பூட்டுங்கள்.

தலை ஆடுகிறது, காது இரைகிறது, மாலையில் தலையிடி

கால் மிதியில் எழுந்து ஒரு சாண் உயருங்கள். தலை சுத்தமான காற்றுக்குள் போய் ஆட்டம் நின்றால், முன்னால் உள்ள காற்றுக் கண்ணாடியின் மேல் விளிம்பில் இருந்து சுழன்று வரும் காற்றுத்தான் ஹெல்மெட்டை அடிக்கிறது. உயரமான கண்ணாடி வாங்கவே மனம் சொல்லும். ஆனால் கட்டையான கண்ணாடி பலருக்கு நன்றாக வேலை செய்கிறது, நெஞ்சில் காற்றுப் படும், தலை அசையாது. சத்தத்துக்கு மருந்து நுரை இயர் பிளக். 100இல் ஹெல்மெட்டுக்குள் காற்றுச் சத்தமே காதைக் கெடுக்கும் அளவுக்கு இருக்கும், சைலன்சர் சத்தம் அதற்குள் கேட்பதே இல்லை. ஹோர்ன் சத்தம் பிளக்கோடும் கேட்கும்.

தலையிடிக்குப் பாதிக் காரணம் தண்ணீர். கச்சான் காலத்தில் ஜக்கெட்டுக்குள் வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும், தாகம் எடுக்கும்போது நேரம் பிந்திவிட்டது. ஒவ்வொரு பெற்றோல் செட்டிலும் தேவை இல்லாவிட்டாலும் குடியுங்கள், வெறும் தண்ணீரோடு உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணியும்.

இரவில் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் லைட் அடித்துக் காட்டுகிறார்கள்

டிம்மில்தான் வருகிறீர்கள், ஆனால் பின்பக்கம் குந்தியிருப்பதால் லைட் மேலே பார்க்கிறது. எதிரே வருபவருக்குக் கண் கூசுகிறது, உங்களுக்கு முன்னால் வீதி இருட்டு. மேலே சொன்ன அதே பிரீலோட் குமிழ்தான் இதற்கும் மருந்து. சாமான் இல்லாமல் சுவருக்கு ஐந்து மீற்றர் தள்ளி நின்று, நீங்கள் ஏறி இருந்து, டிம்மின் மேல் விளிம்பைச் சோக்கால் கோடு போடுங்கள். முழுச் சாமானும் ஏற்றிய பிறகு அதே இடத்தில் நின்று பாருங்கள். ஒளி கோட்டுக்கு மேலே போனால் அது திரும்பக் கோட்டுக்கு வரும்வரை பிரீலோடை ஏற்றுங்கள், மிச்சத்தை லைட்டின் திருகால் சரிசெய்யுங்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை வீதியில் நிற்கும். சாம்பல் நிறம், கண்ணும் பெரிதாக மின்னாது, வீதியில் விழாத லைட்டுக்கு அது கிட்ட வரும்வரை தெரியாது. கோடு சரியாக இருந்தாலும் அந்தத் துண்டைப் பொழுது சாய முன்பே கடந்துவிடுகிற மாதிரிப் புறப்படும் நேரத்தை வையுங்கள்.